வீட்டில் சண்டை நின்றுவிட்டால் அட்வைஸ் பலித்துவிட்டது என்று அர்த்தமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் மாரத்தஹள்ளியில் குடியிருக்கிறீர்கள், இரண்டு பேருக்கும் ஐ.டி. வேலை, நான்கு வயதில் ஒரு பையன், மாமியார் வருடத்தில் பாதி நாள் உங்களோடுதான். சண்டை வந்தால் உங்கள் கணவர் இரண்டு மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார். ஒரு பிரபலமான ஆங்கிலப் புத்தகத்தின் தமிழ்ச் சுருக்கத்தை யூடியூபில் கேட்டிருக்கிறீர்கள். ஆண்களுக்கு மனசு கனத்தால் தங்கள் குகைக்குள் போய்விடுவார்கள், பின்னாலேயே போகாதீர்கள், வெளியே வரும்போது குறை சொல்லாமல் வரவேற்றுக்கொள்ளுங்கள் என்றது அது. அப்படியே செய்தீர்கள், சண்டை நின்றுவிட்டது, மாமியார்கூட "இப்பதான் பக்குவம் வந்திருக்கு" என்கிறார். ஆனால் திருச்சியில் தனியாக இருக்கும் உங்கள் அம்மாவை முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச நாள் இங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் இன்னும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் மறுபடியும் மூன்று நாள் மௌனம் வந்துவிடுமோ என்ற நினைப்பு. கடைசியில் எழுதியிருக்கிறீர்கள்: "அட்வைஸ் வேலை செஞ்சுதா இல்லையான்னே புரியல, இல்ல எனக்குத்தான் ஈகோவா?"

ஆண் மனசு எப்படி, பெண் மனசு எப்படி என்பதைத் தெரிந்துகொள்ள நீங்கள் இதைக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் வந்த அமைதிக்கு யார் விலை கொடுக்கிறார்கள், அது நியாயமா என்று கேட்கிறீர்கள். அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் மனநல சமூகப்பணி படித்து, பல வருடங்களாகப் பெங்களூரில் குடும்ப ஆலோசனை தருகிறேன். அல்சூர், ஸ்ரீராமபுரத்துப் பழைய தமிழ்க் குடும்பங்களும் வருகிறார்கள், வேலைக்காக வந்து சர்ஜாபூர் ரோட்டில் செட்டில் ஆனவர்களும் வருகிறார்கள். ஆனால் ஆலோசனைக்கு வருகிறவர்கள் எல்லோரும், இன்னும் பேசித் தீர்க்கலாம் என்ற நம்பிக்கையும் அதற்குக் கொடுக்கப் பணமும் உள்ளவர்கள். அவர்களை வைத்து எல்லா வீட்டுக்கும் அளவெடுக்க முடியாது. உங்கள் வீட்டு விஷயத்திலும் ஒரு பக்கம்தான் என் முன்னால் இருக்கிறது. உங்கள் கணவர் எப்படிப்பட்டவர் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை, அந்த அட்வைஸ் எப்படிப்பட்டது என்று நிச்சயமாகச் சொல்ல முடியும்.

அந்தக் குகை ஜான் கிரே 1992-ல் வெளியிட்ட 'மென் ஆர் ஃப்ரம் மார்ஸ், விமன் ஆர் ஃப்ரம் வீனஸ்' புத்தகத்திலிருந்து வந்தது. தான் கண்ட தம்பதிகளை வைத்து அவர் எழுதியது அது, ஆராய்ச்சி முடிவு இல்லை. ஆணும் பெண்ணும் வேறு வேறு கிரகம் என்ற அடிப்படையை ஆராய்ச்சி தாங்கவில்லை என்பது நிச்சயமாகச் சொல்லக்கூடியது. ஜேனட் ஹைட் என்ற உளவியலாளர் 2005-ல், ஆண் பெண் வித்தியாசங்களைப் பற்றிய 46 தொகுப்பாய்வுகளை (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடுபவை) ஒன்றாக வைத்துப் பார்த்தார். கண்ட வித்தியாசங்களில் 78 சதவீதம் சிறியவை, அல்லது இல்லை என்றே சொல்லிவிடலாம். பந்து எறியும் வேகம் போன்ற சிலவற்றில்தான் பெரிய வித்தியாசம் இருந்தது, அடிதடியில் இறங்குவதில் நடுத்தர வித்தியாசம். 2013-ல் கரோத்தர்ஸ், ரைஸ் என்ற இருவர் 13,000 பேருக்கு மேற்பட்டவர்களின் தகவல்களை அலசிவிட்டு, நெருக்கம், பரிவு போன்ற குணங்களில் ஆண்கள் ஒரு கூட்டம், பெண்கள் இன்னொரு கூட்டம் என்று பிரிக்க முடியாது என்றார்கள். சராசரியில் கொஞ்சம் ஏற்ற இறக்கம் உண்டு, அவ்வளவுதான்.

அதற்காக அந்த அட்வைஸ் முழுக்கக் குப்பை என்று நான் சொல்லமாட்டேன். சண்டையின் நடுவில் நெஞ்சு படபடவென்று அடிக்கும்போது யார் பேசினாலும் பேச்சு தடிக்கத்தான் செய்யும். அரை மணி நேரம் விலகி, முகம் கழுவிவிட்டு வந்து பேசுவது நல்லது, இதை நானே வருகிறவர்களிடம் சொல்கிறேன். ஆனால் அப்படி விலகுகிறவர் "கொஞ்ச நேரம் விடு, சாப்பிட்டப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போவார், சொன்னபடி திரும்பி வந்து பேசுவார். மூன்று நாள் பேசாமல் இருந்து, நான்காம் நாள் எதுவும் நடக்காதது போல "டிபன் என்ன?" என்று ஆரம்பித்தால், மனசை ஆற்றிக்கொண்டார் என்று அதற்குப் பெயர் வைக்க முடியாது. எந்தப் பேச்சில் சண்டை தொடங்கியதோ அந்தப் பேச்சு அங்கேயே செத்துவிட்டது, அவருக்கு வேண்டியபடியே விஷயம் முடிந்துவிட்டது. புத்தகத்தின் குகையில் இந்த வேறுபாட்டுக்கு இடமே இல்லை.

இந்த இடத்தில் ஒரு ஆராய்ச்சியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் தொழிலில் எனக்கு மிகவும் உதவியது அது. ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்பது, மற்றவர் வாயை மூடிக்கொண்டு விலகுவது என்ற வழக்கம் தம்பதிகளிடம் எல்லா ஊரிலும் உண்டு. பெண் கேட்க ஆண் விலகுவதுதான் அதிகம், அதனால் இது ஆண் சுபாவம், இது பெண் சுபாவம் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன், கிறிஸ்டோஃபர் ஹீவி என்ற உளவியலாளர்கள் இருவரும் 1990-ல் ஒரு எளிய வேலை செய்தார்கள். ஒரே தம்பதியை, ஒருமுறை மனைவி மாற்றம் கேட்கும் விஷயத்தைப் பற்றியும் இன்னொருமுறை கணவன் மாற்றம் கேட்கும் விஷயத்தைப் பற்றியும் பேச வைத்தார்கள். மனைவியின் விஷயமாக இருந்தபோது மனைவி கேட்டார், கணவர் விலகினார். கணவரின் விஷயம் வந்தபோது அந்த வித்தியாசம் கரைந்துவிட்டது. மாற்றம் தேவைப்படுகிறவர் பின்னாலேயே வருகிறார், இருக்கிறபடியே இருந்தால் தனக்கு வசதி என்கிறவர் பேச்சைத் தவிர்க்கிறார். பிற்பாடு வந்த ஆய்வுகளிலும் மொத்தக் கணக்கில் பெண் கேட்பதே அதிகம் என்று வந்திருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் மாற்றம் அதிகம் தேவைப்படுகிறவர் யார் என்று பார்த்தால் அதற்கும் காரணம் புரியும். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரி 289 நிமிடம். அந்த வேலையில் கை வைக்கிற ஆண்களுக்கே 88 நிமிடம்தான், கை வைக்காதவர்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

இனி உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். ஆஃப்கே கோம்டர் என்ற டச்சு சமூகவியலாளர் 1989-ல், திருமணத்தில் மறைந்திருக்கும் அதிகாரம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தம்பதிகளைத் தனித்தனியாகப் பேட்டி எடுத்தவர் அவர். சத்தம் போட்டு "முடியாது" என்று சொல்வது கண்ணுக்குத் தெரிகிற அதிகாரம், அதை யாரும் கண்டுபிடித்துவிடலாம். அதைவிட ஆழமானது, "அவர் ஒத்துக்கமாட்டார், எதுக்கு வம்பு" என்று ஒருவர் கேட்பதையே நிறுத்திவிடுவது. அப்போது மறுக்க வேண்டிய வேலைகூட எதிராளிக்கு இல்லை, சண்டைக்கான தடயமும் இல்லை. உங்கள் வீட்டில் நடந்திருப்பது இது என்றே படுகிறது. உங்கள் கணவர் உங்கள் அம்மாவை வரவேண்டாம் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு வரவே இல்லை. அவருடைய அம்மா ஆறு மாதம் வந்து இருப்பதற்கு யாரும் அனுமதி கேட்கவில்லை, உங்கள் அம்மா ஆறு வாரம் வருவதற்கு நீங்கள் வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். குகையை மதிக்கச் சொன்ன வீடியோ உங்களுக்கு இதைச் சொல்லித்தராது. ஏனென்றால் சண்டை குறைந்ததா என்பது மட்டும்தான் அதன் அளவுகோல், சண்டை எதனால் குறைந்தது என்று அது பார்ப்பதே இல்லை.

அதிகாரம் என்றதும் மிரட்டுகிற, கை ஓங்குகிற கணவரை நினைத்துக்கொள்கிறார்கள். என்னிடம் வருகிற ஐ.டி. தம்பதிகளில் பெரும்பாலான கணவர்கள் குரலைக்கூட உயர்த்தாதவர்கள். நான் முதலில் கேட்பது சின்னச் சின்ன விஷயங்கள்: வேலைக்கார அம்மா எந்தெந்த நாள் லீவு, பையனின் ஸ்கூல் வாட்ஸப் குரூப்பில் யார் இருக்கிறார்கள், மாமனாரின் பிரஷர் மாத்திரை எப்போது தீரும், ஊருக்கு டிக்கெட் யார் போடுகிறார்கள். இருவரும் தனித்தனிக் காகிதத்தில் எழுத வேண்டும். பெண்ணின் காகிதம் நிறைந்துவிடும், ஆண் மூன்றாவது வரியில் பேனாவை வைத்துவிடுவார், பலமுறை அவரே அதைப் பார்த்துத் திகைத்துப்போவார். அடுத்துக் கேட்பது பணம். சம்பள அக்கவுண்ட் யார் பெயரில் என்று கேட்டால் "அவங்க பேர்லதான், நான் எதையும் தடுக்கலையே" என்பார்கள். அந்த அக்கவுண்டில் எந்த மொபைல் நம்பர் பதிவாகியிருக்கிறது என்று அடுத்துக் கேட்பேன். கணவருடையது. ஓ.டி.பி. அவர் போனுக்குத்தான் வரும், மனைவி மல்லேஸ்வரத்தில் புடவை வாங்கினால் ஒயிட்ஃபீல்டில் அவருக்கு மெசேஜ் போகும். கல்யாணமான புதிதில் ஏதோ வசதிக்காகச் செய்தது, யாரும் சதி செய்யவில்லை. ஆனால் அம்மாவுக்கு ஐந்தாயிரம் அனுப்புவதற்கு முன் அந்தப் பெண் இரண்டு நாள் யோசிக்கிறாள். (பல குடும்பங்களில் பார்த்ததைச் சேர்த்துச் சொல்கிறேன், இது யாருடைய தனிக் கதையும் இல்லை.)

இப்படி ஏற்கனவே சாய்ந்திருக்கும் வீட்டில், ஆண் பெண் இருவருக்கும் பொதுவானது போலத் தெரிகிற அட்வைஸ்கூட ஒரு பக்கமாகத்தான் போய் விழுகிறது. காதலுக்கு ஐந்து மொழி உண்டு, துணையின் மொழியைக் கண்டுபிடித்துப் பேசு என்கிற கேரி சாப்மனின் யோசனையும் அதே 1992-ல் வந்ததுதான். சாப்மன் ஒரு பாப்டிஸ்ட் போதகர். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு முதன்மை மொழி உண்டு என்பதற்கும், அது பொருந்திவிட்டால் திருமணம் சிறக்கும் என்பதற்கும் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை என்று எமிலி இம்பெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2024-ல் தொகுத்து எழுதினார்கள். அந்தக் கோட்பாடு சரியா தவறா என்பதைவிட, அதை யார் படிக்கிறார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. என் அனுபவத்தில் இந்தப் புத்தகத்தையோ வீடியோவையோ மனைவிதான் கொண்டுவருவார். படித்தவர்தான் மாற வேண்டும் என்று ஆகிவிடுகிறது, படிக்காதவர் அப்படியே இருக்கலாம். இப்போது ரீல்ஸில் வருகிற 'ஃபெமினின் எனர்ஜி' பேச்சில் இது இன்னும் பச்சையாகத் தெரிகிறது: நீ சம்பாதிக்கிறாய், முடிவெடுக்கிறாய், அதனால்தான் கணவர் விலகுகிறார், கொஞ்சம் மென்மையாக இரு. அதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. எந்த அட்வைஸ் கைக்கு வந்தாலும் அதை அப்படியே உங்கள் கணவரிடம் சொல்வதாக நினைத்துப் பாருங்கள். "உங்க மனைவி மூணு நாள் பேசலைன்னா தொந்தரவு பண்ணாதீங்க, சமைச்சு வெச்சுட்டுக் காத்திருங்க, வெளிய வந்ததும் பாராட்டுங்க." அப்படிச் சொல்ல வாய் கூசினால், அது இரண்டு பேருக்கும் பொதுவான அட்வைஸ் இல்லை.

ஆண்களுக்கு விற்கப்படுவதையும் சொல்லாமல் விட்டால் பதில் பாதிதான். பி.டி.எம். லேஅவுட் பி.ஜி.க்களில் இருக்கும் தம்பி வயசுப் பையன்கள் கேட்கிற வீடியோக்கள், 'ஆல்ஃபா'வாக இரு, உடனே ரிப்ளை போடாதே, தேவைப்படுகிறவன் போலக் காட்டிக்கொள்ளாதே என்கின்றன. உறவில் யாருக்கு அக்கறை குறைவோ அவர் கை ஓங்கியிருக்கும் என்று வில்லார்ட் வாலர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1938-லேயே எழுதினார், அதைச் சுரண்டல் என்றே அவர் பார்த்தார். அவர் நோயாகக் கண்டதை இவர்கள் மருந்தாக்கி விற்கிறார்கள். இதில் அந்தப் பையன்கள் இழப்பதும் பெரியது. அக்கறையைக் காட்டினால் தோற்றுப்போவோம் என்று நம்புகிறவனுக்கு, முப்பத்தைந்து வயதில் வேலை போய்விட்டால் அதை மனைவியிடம் சொல்லக்கூட வாய் வராது. என் முன்னால் உட்கார்ந்து "எனக்குப் பேசத் தெரியலைங்க" என்று கண் கலங்கிய ஆண்கள் நிறையப் பேர். அவர்களை வில்லனாக்குகிற எந்த விளக்கத்தையும் நான் ஏற்பதில்லை.

சந்தேகத்துக்கு இடமுள்ளவையும் உண்டு. மனைவியின் கருத்துக்கு இடம் கொடுக்கிற கணவன்மார்களின் திருமணம் நிலைக்கிறது என்று ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழுவினர் 130 புதுமணத் தம்பதிகளை வைத்து 1998-ல் சொன்னது எல்லா ஆலோசகர்களும் மேற்கோள் காட்டுகிற ஒன்று. நான் காண்பதோடு அது ஒத்துப்போகிறது, ஆனால் அந்த ஆய்வின் கணக்கிடும் முறையை 2000-ல் வேறு ஆய்வாளர்கள் கடுமையாகக் கேள்வி கேட்டிருக்கிறார்கள், அதனால் அதைச் சட்டம் போலப் பிடித்துக்கொள்ள வேண்டாம். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை மேல்நாட்டுத் தம்பதிகளை வைத்துச் செய்தவை என்பதும் நினைவில் இருக்கட்டும், மாமியார் இருக்கிற வீடு அவற்றில் இல்லை. உங்கள் கணவரின் மௌனத்துக்குப் பின்னால் அதிகாரம்தான் இருக்கிறது என்றும் நான் அடித்துச் சொல்லமாட்டேன். மனச்சோர்வு இருக்கலாம், நடுராத்திரி வரை அமெரிக்காக்காரனோடு கால் பேசுகிற களைப்பு இருக்கலாம், சண்டை வந்தால் அப்பா பேசாமல் இருந்த வீட்டில் வளர்ந்தவராக இருக்கலாம். காரணம் எதுவாக இருந்தாலும், அதன் பலனாக நீங்கள் கேட்பதை நிறுத்தியிருக்கிறீர்கள் என்பது மட்டும் மாறாது.

ஆகையால் ஈகோ என்று உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். சொந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள நினைப்பதற்கும் ஈகோவுக்கும் சம்பந்தமில்லை. உறவைப் பற்றிப் பொதுவாக, பெரிதாகப் பேசத் தொடங்காமல், அம்மா விஷயத்தை மட்டும் எடுங்கள். அனுமதி கேட்கிற தொனி வேண்டாம். "அம்மாவுக்கு அடுத்த மாசம் ஆபரேஷன். ஆறு வாரம் நம்ம வீட்ல இருக்கணும். எந்த ரூம், பிசியோ யாரு, லீவு எப்படிங்கிறத ஞாயித்துக்கிழமை காலைல உக்காந்து பேசலாம்." அவ்வளவுதான். அவர் கொஞ்ச நேரம் வேண்டும் என்றால் தாராளமாகக் கொடுங்கள், எப்போது பேசலாம் என்று நேரத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் "கஷ்டம்" என்று சொன்னால் பரவாயில்லை, காரணம் சொல்லி மறுப்பதும் பேச்சுதான். மூன்று நாள் மௌனம் வந்தால் இந்தமுறை விஷயத்தைக் கைவிடாமல், நான்காம் நாள் அதே கேள்வியை அதே குரலில் திரும்ப வையுங்கள். என் அனுபவத்தில் நிறைய ஆண்கள் இந்த இரண்டாம் முறையில் இறங்கி வந்துவிடுகிறார்கள், ஏனென்றால் மௌனம் என்ன செய்கிறது என்று அவர்களே அதுவரை யோசித்ததில்லை.

ஒரு எச்சரிக்கை. நான் மேலே சொன்னதைச் செய்ய நினைக்கும்போதே வயிற்றைக் கலக்கினால், பொருள் உடைப்பது, கை ஓங்குவது, பையனைப் பிரித்துவிடுவேன் என்பது, செலவுக்குப் பணம் தராமல் நிறுத்துவது ஏதாவது நடந்திருந்தால், அதைச் செய்ய வேண்டாம். அங்கே பேச்சுத் திறமை உதவாது, ஜோடியாக ஆலோசனைக்குப் போவதுகூட ஆபத்து, அறையில் சொன்னதற்கு வீட்டில் தண்டனை கிடைக்கும். 2005-ம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அடி உதை மட்டும் இல்லை, சொல்லாலும் மனதாலும் செய்கிற கொடுமையும் பணத்தை முடக்குவதும் வன்முறையில் அடங்கும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் கர்நாடகத்தில் திருமணமான பெண்களில் 44 சதவீதம் பேர் கணவரிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள், அகில இந்திய அளவு 29 சதவீதம். பெண்கள் உதவி எண் 181, அவசரத்துக்கு 112.

அந்த நிலைமை இல்லை, ஆனால் பேச்சு நகரவில்லை என்றால் ஒரு ஆலோசகரைப் பாருங்கள். இந்த ஊரில் 'ரிலேஷன்ஷிப் கோச்' என்று போர்டு மாட்ட எந்தத் தகுதியும் வேண்டாம். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும், தயங்காமல் கேளுங்கள். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் என்ற அரசு மனநல மருத்துவமனையில் குடும்ப மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் தமிழிலேயே பேச வேண்டுமானால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, இலவசம். யாரிடம் போனாலும் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே, சேர்ந்து பார்ப்பதற்கு முன் இருவரையும் ஒருமுறை தனித்தனியாகப் பார்ப்பீர்களா என்று கேட்டுவிடுங்கள். பார்க்கமாட்டேன் என்றாலோ, முதல் போனிலேயே "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கம்மா" என்று உங்களிடம் மட்டும் ஆரம்பித்தாலோ, வேறு ஆளைத் தேடுங்கள். கணவர் வர மறுத்தால் நீங்கள் தனியாகப் போகலாம், அதிலும் பலன் உண்டு.